கண்டிப்பான வாத்தியாருக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

எங்கள் ஊர்த் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் கடிதம் எழுதுவது என் வேலை. யாரும் என்னை நியமிக்கவில்லை. பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்தை மாற்றச் சொல்லி ஒருமுறை நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு இரண்டே நாளில் பலன் கிடைத்தது. அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் "அக்கா, நீங்களே டிராஃப்ட் பண்ணிடுங்க" என்று என் தலையில் கட்டிவிடுவார்கள். நானும் ரொம்ப அலுத்துக்கொள்வதுபோல் நடித்துவிட்டு, அன்று சாயங்காலமே எழுதி முடித்துவிடுவேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் தலைக்கனம் உண்டு. அமெரிக்காவில், இந்த மத்திய நியூஜெர்சியில் நம் ஆட்கள் எழுதும் ஆங்கிலக் கடிதங்களைப் படித்தால் உங்களுக்கும் அந்தத் தலைக்கனம் வரும்.

அப்படி நான் எழுதிய ஒரு கடிதம், அருமையான ஒரு வேதியியல் ஆசிரியரை வகுப்பைவிட்டே கிளப்பிவிட்டது. இத்தனைக்கும் அது பாராட்டுக் கடிதம்.

என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. செப்டம்பர் மாதம் பள்ளியில் பெற்றோருக்கென்று ஒரு மாலை வைப்பார்கள். பிள்ளையின் கால அட்டவணையைக் கையில் கொடுத்து, அது தினமும் ஓடுகிற வரிசையிலேயே நம்மையும் வகுப்பு வகுப்பாக ஓடவிடுவார்கள். வகுப்புக்குப் பத்து நிமிடம். மணி அடித்ததும் நாற்பது வயதுக்காரர்கள் எல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவார்கள். பக்கத்து ஊரான பிஸ்கட்டவேயில் ஆபீஸ் முடிந்து நேராக வந்திருந்த என் கணவர் இரண்டாவது மாடியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

வேதியியல் வகுப்பு மூன்றாவது மாடியில். வாசலில் ஆறடிக்கு மேல் உயரமாக, சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு கறுப்பின மனிதர் நின்று எல்லாரையும் உள்ளே வரச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நன்றி சொல்லிவிட்டு, "ஆசிரியர் வரத் தாமதமாகுமா?" என்று கேட்டேன். "இல்லை, வந்துவிட்டார்" என்றார். சரியென்று உள்ளே போய் உட்கார்ந்து, வந்துவிட்ட ஆசிரியரைத் தேடினேன். எல்லாரும் உட்கார்ந்ததும் அவர் கதவைச் சாத்திவிட்டு நேராகப் பலகைக்குப் போய்த் தன் பெயரை எழுதினார்.

என் கணவர் காதருகே குனிந்து, "நான் செக்யூரிட்டின்னு நெனச்சேன்டி" என்றார்.

"உங்களுக்கு அறிவே கிடையாதா?" என்றேன். நானும் அதைத்தான் நினைத்தேன் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

பத்து நிமிடம் அவர் பேசினார். குரல் மிகவும் தணிவு. மருந்து கம்பெனி ஆய்வகத்தில் பத்து வருடம் வேலை செய்துவிட்டு, சொல்லிக்கொடுக்கப் பிடித்துப்போய் வந்தவராம். முன்னால் ஒருவர் இருமிக்கொண்டே இருந்ததால் பாதி எனக்குக் கேட்கவில்லை. முடிந்ததும் என் கணவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "காலேஜில் கூடைப்பந்து ஆடினீர்களா?" என்று கேட்டார். "இல்லை. கிளாரினெட் வாசித்தேன்" என்றார் அவர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எத்தனை வருடமாக எத்தனை பேருக்கு அதே பதிலைச் சொல்லியிருப்பாரோ.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நானும் வெளுப்பு இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி" என்று இழுத்ததைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக் கொதித்தவள். அந்தக் கூட்டத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தோலை வைத்து ஆளை எடைபோடும் அயோக்கியத்தனம் எனக்குச் செய்யப்பட்ட ஒன்று, நான் செய்வது அல்ல என்று இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

மே மாதம் வந்தது. ஆசிரியர்களுக்கு நன்றி சொல்லும் வாரம். மற்ற அம்மாக்கள் கப்கேக் செய்து கொடுப்பார்கள். நம் குழுவோ இந்த வருடம் கடிதம் கொடுக்கலாம் என்று முடிவு செய்தது. யாருக்கு என்ற கேள்வியே எழவில்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அவரிடம்தான் படித்தார்கள், எல்லாரும் நல்ல மதிப்பெண். அன்று குழுவில் வந்த செய்திகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

"அந்த ஹைட்டுக்கும் பாடிக்கும் எவன் வாயத் தொறப்பான்?"

"என் பையன் வேற யார் கிளாஸ்லயும் அடங்க மாட்டான். இவர்கிட்ட மட்டும் கப்சிப்."

"ஒரு பார்வை போதும் சார், பசங்க பயப்படுவாங்க. நம்ம ஊரு வாத்தியார் மாதிரி."

கடைசியில் சொன்னவர் சேலத்துக்காரர், குழுவில் எல்லாருக்கும் மூத்தவர். அதற்கு மேல் ஒரு புகழ்ச்சி நம்மிடம் கிடையாது. ஆசிரியர் நன்றாகப் பாடம் நடத்தினார் என்பதெல்லாம் நமக்கு இரண்டாம்பட்சம். ஊரில் நான் படித்த பள்ளியின் இயற்பியல் வாத்தியார் டஸ்டரைக் குறிபார்த்து எறிவதில் மன்னர். பழைய மாணவர்கள் கூடும்போதெல்லாம் யார் மண்டையில் எத்தனை முறை பட்டது என்று பெருமையாகப் பேசிச் சிரிப்போம். அவர் நடத்திய பாடத்தில் ஒரு வரிகூட யாருக்கும் நினைவில்லை. அவரால்தான் முன்னுக்கு வந்தோம் என்று மட்டும் எல்லாரும் சொல்வார்கள். ஆக, ஒரு ஆசிரியரை வானளாவப் புகழ வேண்டுமென்றால் பிள்ளைகள் அவரைக் கண்டு நடுங்குகிறார்கள் என்று எழுத வேண்டும்.

எழுதினேன். ஒரு பக்கம். அவர் வகுப்பில் ஊசி விழுந்தாலும் கேட்கும் என்று எழுதினேன். துடுக்கான பையன்கள்கூட அவரிடம் அடங்கிவிடுகிறார்கள், கண்டிப்பு குறைந்துவரும் இந்தக் காலத்தில் இப்படிப்பட்ட ஒரு ஆண்மகன் பள்ளிக்குக் கிடைத்தது பாக்கியம், அவருடைய கண்டிப்பு பள்ளி முழுவதற்கும் கிடைக்க வேண்டும் என்று எழுதினேன். கடைசி வரியை எழுதிவிட்டு நானே ஒருமுறை வாய்விட்டு வாசித்து ரசித்தேன். நாற்பது குடும்பம் கையெழுத்துப் போட, தலைமை ஆசிரியைக்கு அனுப்பிவைத்தோம். சேலத்துக்காரர் கண்கலங்கிவிட்டதாகச் செய்தி போட்டார்.

தினமும் அந்த வகுப்பில் உட்காருகிறவள் என் வீட்டிலேயே, பக்கத்து அறையில் இருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் தலைமை ஆசிரியையிடமிருந்து எல்லாப் பெற்றோருக்கும் மின்னஞ்சல் வந்தது. சமூகத்தின் வேண்டுகோளுக்கு இணங்க, மாணவர் ஒழுக்கத்தைக் கவனிக்கும் டீனாக அவருக்குப் பதவி உயர்வு. நடுவில், சாய்ந்த எழுத்தில், என் கடிதத்தின் கடைசி வரி. எனக்கு முதலில் ஒரே பூரிப்பு. குழுவில் கைதட்டும் படங்களாக வந்து குவிந்தன. அரைமணி நேரம் கழித்துத்தான் ஒருவர் கேட்டார், "அப்போ இந்த வருஷம் ஏபி கெமிஸ்ட்ரி யாரு எடுப்பா?" கைதட்டும் படங்கள் அதோடு நின்றன. பதினொன்றாம் வகுப்பில் கல்லூரித் தரத்தில் நடத்தும் அந்தப் பாடத்தை அவரிடம் படிப்பதற்காகவே எங்கள் பிள்ளைகள் பெயர் கொடுத்திருந்தார்கள். புது ஆள் கிடைக்கும்வரை வீடியோ பாடம், மேற்பார்வைக்குத் தற்காலிகமாக ஒருவர் என்று மின்னஞ்சலின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது.

என் மகள் லேப்டாப்பைத் திறந்தபடியே கையில் ஏந்திக்கொண்டு இறங்கி வந்தாள்.

"அம்மா, டிட் யூ ரைட் திஸ்?"

"ஆமா. பாராட்டித்தாண்டி எழுதினேன்."

"ஹி இஸ் நாட் ஸ்ட்ரிக்ட்!" என்று கத்தினாள். "ஹேவ் யூ எவர் மெட் ஹிம்?"

பத்து நிமிடம் பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் அழுதுகொண்டே ஆங்கிலத்தில் கொட்டினாள். அவரிடம் யாருக்கும் பயமே கிடையாதாம். வகுப்பு அமைதியாக இருப்பதற்குக் காரணம் அவர் குரல் தணிவு, பேசினால் அவர் சொல்வது கேட்காது, கேட்காவிட்டால் நஷ்டம். அவ்வளவுதான். எதிர் வகுப்பில் ஒரு வெள்ளைக்கார ஆசிரியை நாள் முழுக்கக் கத்துவாளாம், பையன்கள் அவளைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொள்வார்களாம். அவளை யாரும் டீன் ஆக்கவில்லை. ஆனால் கேன்டீனில் சண்டை என்றால், பள்ளி அலுவலகம் ஒலிபெருக்கியில் இவரைத்தான் கூப்பிடும். சோதனை பாதியில் நிற்கும், பிள்ளைகள் ஆய்வக அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அவர் திரும்பி வரும்போது மணி அடித்துவிடும்.

என் கணவர் சமாதானம் செய்ய வந்தார். "ப்ரமோஷன் தானே கெடச்சிருக்கு? நல்லதுதானே?" இருவரும் சேர்ந்து அவரை முறைத்தோம். அவர் கராஜுக்குப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தால் காரை எடுத்துவிடுவேன். தலைமை ஆசிரியையைப் பார்க்கப் போனேன். அந்த அம்மாள் நல்ல மனுஷி, எப்போதும் சிரித்த முகம். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, சுவரைக் காட்டினாள். என் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். நாற்பது கையெழுத்துக்கும் கண்ணாடி போட்டிருந்தது. எனக்கு அந்தச் சட்டத்தைப் பிடுங்கி அவள் தலையிலேயே போட வேண்டும் போலிருந்தது. பிறகு என் தலையிலும்.

"அவர் கண்டிப்பானவரே இல்லை. நான் தெரியாமல் எழுதிவிட்டேன்" என்றேன்.

"நீங்கள் ரொம்பத் தன்னடக்கமாகப் பேசுகிறீர்கள். நம் பையன்களுக்கு அவரைப் போல ஒருவர் தேவை. அவர் நடந்து வந்தாலே போதும்."

"என் மகளுக்கும் தேவை. வேதியியலுக்கு."

"வேதியியலுக்கு நாம் யாரையாவது கண்டுபிடித்துவிடலாம்" என்றாள், அன்பாக. நான் இடத்தைவிட்டு நகராததைப் பார்த்துவிட்டு, ஜனவரியில் ஒரே ஒரு வகுப்பை அவருக்குத் திரும்பக் கொடுக்க முடியுமா என்று யோசிப்பதாகச் சொன்னாள். என் மகளின் வகுப்பாகவே இருக்கலாம் என்றும் சொன்னாள். வெளியே வந்ததும் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மகளுக்கு உடனே செய்தி அனுப்பினேன்.

அவருடைய புது அறை கீழ்த்தளத்தில், கேன்டீனுக்குப் பக்கத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. மேசைமேல் கரகரக்கும் ஒரு வாக்கிடாக்கி, எதிரே குற்றவாளிகளுக்கு இரண்டு நாற்காலி. அதில் ஒன்றில் உட்கார்ந்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது. கடிதம் எழுதியவள் நான்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இந்த வேலையை இதற்கு முன் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்" என்றார் அதே தணிந்த குரலில். "மூன்றாவது முறை கூப்பிட்டபோது மேசைமேல் உங்கள் கடிதம் இருந்தது. நாற்பது குடும்பம் கேட்கும்போது மாட்டேன் என்றால், நான் பிள்ளைகள்மேல் அக்கறை இல்லாதவன் ஆகிவிடுவேன்."

"நாங்கள் உங்களைப் புகழ்வதாக நினைத்துத்தான்..."

"தெரியும். நல்ல கடிதம். இரண்டு முறை படித்தேன்." வாக்கிடாக்கியின் சத்தத்தைக் குறைத்தார். "வேதியியல் என்ற சொல் எங்கேயாவது வருகிறதா என்று தேடினேன். இல்லை."

நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஒரு பக்கம் முழுவதும். வேதியியல் ஆசிரியரைப் பற்றி. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வாக்கிடாக்கி அவரை எங்கோ கூப்பிட, எழுந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

அக்டோபரில் அவரிடமிருந்தே எனக்கு மின்னஞ்சல் வந்தது. ஒரு மணி நேரத் தொலைவில் வேறொரு பள்ளியில், டிசம்பரில் ஓய்வுபெறும் வேதியியல் ஆசிரியரின் இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாராம். பரிந்துரைக் கடிதங்கள் இருக்கின்றன, ஆனால் எல்லாம் அவர் பள்ளி வராந்தாவில் எப்படி நடக்கிறார் என்பதைப் பற்றியே பேசுகின்றன, வேதியியலைப் பற்றி ஒரு கடிதம் தேவை என்று எழுதியிருந்தார். பெற்றோர் ஒருவர் கொடுத்தால் நல்லதாம். உங்கள் எழுத்துக்குப் பலன் உண்டு என்பதை நானே அனுபவித்திருக்கிறேன் என்று முடித்திருந்தார். குத்தினாரா, கேலி செய்தாரா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் எனக்கு வேண்டியதுதான்.

உட்கார்ந்து ஒரு வரி எழுதினேன், நின்றுவிட்டது. அவர் எப்படிப் பாடம் நடத்துவார் என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. மகளைக் கூப்பிட்டேன். மின்னஞ்சலை அவளே படித்தாள்.

"நீங்க எழுதினா ஹி வில் லீவ்" என்றாள். தமிழில் ஆரம்பித்ததே எனக்குப் பயமாக இருந்தது. அவள் தமிழ் பேசுவது ரொம்ப முக்கியமான விஷயத்துக்கு மட்டும்தான்.

"ஆமா."

"ஜனவரி கிளாஸ்?"

"அது கெடைக்காது. அவர் இங்கேயே இருந்தா கெடைக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது."

அவள் மின்னஞ்சலை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது அபூர்வம். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஓகே. டைப்" என்றாள்.

இரண்டு மணி நேரம் சொன்னாள். அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்தும் சோதனையில் எல்லாரும் அளவு தாண்டிவிட்டார்களாம். அந்தக் குடுவைகளைக் கொட்டவிடாமல் ஜன்னலோரம் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை சொட்டு அதிகம் என்று எழுதி ஒட்டச் சொன்னாராம். வரிசையில் முதல் குடுவை அவர் கெடுத்தது. சில நாளில் அந்தச் சிவப்பு வெளுத்துப்போக, ஏன் என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் பதிலே சொல்லவில்லையாம். தூங்க முடியவில்லை என்றாள். கடைசியில் என் மகளே கண்டுபிடித்தாளாம், காற்றில் இருக்கும் கரியமில வாயு கரைந்து காரத்தைத் தின்றுவிடுகிறது என்று. அவர் ஒன்றும் சொல்லாமல் சாக்பீஸை அவள் கையில் கொடுத்துவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து நோட்டில் குறிப்பு எடுத்தாராம்.

இது நடந்தது பத்தாம் வகுப்பில், மார்ச்சில். நான் என் பாராட்டுக் கடிதத்தை எழுதுவதற்கு இரண்டு மாதம் முன்பு. அன்றைக்கும் அவள் வீட்டுக்கு வந்திருப்பாள், "ஸ்கூல் எப்படி" என்று கேட்டிருப்பேன், "ஃபைன்" என்றிருப்பாள், நானும் விட்டிருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா, டைப்" என்றாள்.

கடிதம் போய்ப் பத்து நாளில் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குடுவைக் கதையை அவரே படித்துவிட்டு வியந்து பேசினார். அருமையான ஆசிரியர், அருமையான கடிதம் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துகொண்டிருக்கும்போதே, "இன்னும் ஒரே ஒரு கேள்வி" என்றார். "எங்களிடம் அடங்காத பையன்கள் சிலர் இருக்கிறார்கள். அவருக்கு நல்ல உயரம், நல்ல ஆகிருதி. கண்டிப்பு விஷயத்தில் எப்படி? பையன்கள் அவருக்குப் பயப்படுவார்களா?"

நாம் ஒரு வாத்தியாரைப் பற்றிச் சொல்லக்கூடிய ஆகக் கேவலமான வார்த்தைகளை நான் மனதுக்குள் ஒருமுறை சேர்த்துக்கொண்டேன்.

"சுத்தமாகப் பயப்பட மாட்டார்கள்" என்றேன். "கண்டிப்பு என்பதே அவருக்கு வராது. குரல் பின் பெஞ்சுக்குக்கூடக் கேட்காது. சண்டையை விலக்க அவரைக் கூப்பிட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தயவுசெய்து அந்த மாதிரி எதற்கும் அவரை எதிர்பார்க்காதீர்கள். வேதியியல் மட்டும்தான் தெரியும்."

கெடுத்துவிட்டேன், இந்தத் தடவையும் வாயால் கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். "அப்படியா" என்றார் அவர், கொஞ்சம் ஏமாற்றமாக. நன்றி சொல்லி வைத்துவிட்டார். படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மகள், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

வேலை கிடைத்துவிட்டது. ஜனவரியிலிருந்து ஐந்து வகுப்பு, ஐந்தும் வேதியியல். அவர் எனக்கு எழுதவில்லை, என் மகளுக்கு எழுதினார். அவள் அதைப் படித்துவிட்டு மாடிக்குப் போனாள். சற்று நேரத்தில் அவள் அறையிலிருந்து பாடம் கேட்டது. யாரோ ஒரு பெண், வீடியோவில், நல்ல உரத்த குரலில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தாள்.